மீதிக்கு இடது கை

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சுமைதூக்கும் அண்ணன் இடது கையை உயர்த்தி, லாரியிலிருந்து அரிசி மூட்டையை முதுகில் வாங்கினார். பனியன் தோளில் கிழிந்திருந்தது.

கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது முதல் 15 டிகிரி சுப்ராஸ்பைனேட்டஸ் என்ற தசை. 90 வரை டெல்டாய்டு. அதற்கு மேல் தோள்பட்டை எலும்பே திரும்ப வேண்டும். அதற்கு டிரப்பீசியஸ், செரேட்டஸ் ஆன்டீரியர் என்ற தசைகள். நேற்றிரவு முழுக்க உடற்கூறியல் படித்தும் மண்டையில் ஏறாதது, மூன்று நொடியில் ஏறிவிட்டது!

மூட்டையை இறக்கியவர் சுவரில் இரு கைகளையும் ஊன்றி மூச்சு வாங்கினார்.

வலது தோள்பட்டை எலும்பு மட்டும் சிறகுபோலத் துருத்தி நின்றது.

செரேட்டஸுக்குப் போகும் நீண்ட மார்பு நரம்பு. கழுத்தின் சி5, சி6, சி7 நரம்பு வேர்களிலிருந்து வருவது. தோளில் பாரம் சுமந்தே அது நைந்துபோகலாம். நைந்தால் எலும்பு இப்படித்தான் துருத்தும்.

"அண்ணா, வலது கை மேலே போகுமா?"

"பாதி வரைக்கும் போகும் கண்ணு. மீதிக்குத்தான் இடது கை இருக்கிறதே."

அடுத்த மூட்டைக்குப் போய்விட்டார்.