கச்சேரிக்கு வரவில்லை, சொதி வைத்தேன்

எனக்கு இந்த இசைத் திருவிழாக்கள் ஒத்தே வருவதில்லை. பாட்டு பிடிக்காமல் இல்லை. ராத்திரி ஒரு பாட்டாவது கேட்டால்தான் தூக்கம் வரும். ஆனால் மைதானத்தில் மூன்று மணி நேரம் நின்று, ஸ்பீக்கர் அதிர்வு நெஞ்சுக்குள் இடிக்க, பாடுகிறவர் முகத்தை முன்னால் நிற்பவர் தூக்கிப் பிடித்த போனில் பார்ப்பது பாட்டு கேட்பதே இல்லை. சின்ன வயதில் நெல்லையப்பர் கோயில் இசைத்தூணை யாரோ தட்ட, காதை ஒட்டி வைத்துக் கேட்டேன். அந்தச் சத்தம் இன்னும் மறக்கவில்லை.

நேற்று பாளையங்கோட்டையில் கச்சேரி என்று மதினி கூப்பிட்டார்கள். "நீங்க போயிட்டு வாங்க மதினி, நான் சொதி வைக்கேன்" என்று சொல்லிவிட்டேன். சொதி என்றால் எங்கள் பக்கத்துத் தேங்காய்ப்பால் குழம்பு.

சொதி தண்ணியாகப் போனால் தயவுசெய்து அரிசி மாவைக் கரைத்து ஊற்றாதீர்கள். தேங்காய்ப்பால் மணமே அமுங்கிவிடும். பாசிப்பருப்புதான் சரி. கால் கப் பருப்பைக் குழைய வேகவைத்து, மத்தால் கடைந்து, தேங்காயை மூன்றாவது தடவை பிழிந்த மூன்றாம் பாலில் காய் வெந்ததும் சேர்க்க வேண்டும். அப்புறம் இரண்டாம் பால், ஒரு கொதி. முதல் பால் கடைசியில்தான். ஓரத்தில் நுரை கட்டும்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். எலுமிச்சைச் சாறு இறக்கிய பிறகு. சூடு ஆற ஆற இன்னும் கொஞ்சம் கெட்டியாகும், அதனால் அவசரப்பட வேண்டாம்.

நேற்று கரண்டியின் முதுகில் பால் ஏடு மாதிரி ஒட்டி நின்றது. மதினி பதினொரு மணிக்கு வந்து, இஞ்சிப் பச்சடியோடு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்கள்.