சாயவேரும் நிலக்கரித் தாரும்

மன்னாரிலும் யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கங்களிலும் மணல் தரையில் வேர் கிண்டுவது ஒரு காலத்தில் பெரிய தொழில். சித்த வைத்தியர் இம்பூறல் என்று சொல்லும் அதே பூண்டுதான் சாயக்காரருக்குச் சாயவேர். செடி சாணளவுதான் இருக்கும். வேரோ நூல்போல மெலிந்து ஆழம் போகும். சிவப்புச் சாயம் வேர்ப்பட்டையில்தான் இருக்கிறது, உள்ளே உள்ள கட்டை வெறும் பாரம். கிண்டும்போது வேர் அறுந்தால் பாதி மண்ணுக்குள்ளேயே கிடந்துவிடும்.

1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் இந்த வேரைத் தங்கள் தனியுரிமையாக்கிக்கொண்டார்கள். கிண்டும் வேலை ஒரு பகுதிச் சனத்தின் தலையில் கட்டாய ஊழியமாக விழுந்தது.

வேரை அவித்துத் துணியைப் போட்டால் சிவப்பு ஏறிவிடாது. துணியில் உள்ள கஞ்சியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் முதலில் போக்கவேண்டும். பிறகு கடுக்காய் நீர், அதன் பிறகு படிகாரம். பிடிக்காமல் நிற்கும் படிகாரத்தை அலசாமல் விட்டால் சாயம் தொட்டியிலேயே படிந்துபோகும். வேர்த்தொட்டியை மெல்ல மெல்லச் சூடாக்கவேண்டும். அவசரப்பட்டுக் கொதிக்கவிட்டால் நிறம் மண்ணிறப் பக்கம் சாயும். தண்ணீரில் இரும்பு இருந்தால் கறுக்கும். சுண்ணாம்புச் சத்து கொஞ்சம் வேண்டும். எங்கள் சுண்ணக்கல் கிணற்று நீர் தேத்தண்ணிக்கு ஆகாவிட்டாலும் இந்த வேலைக்குக் கைகொடுக்கும்.

இங்கிலாந்தில் துணி ஆலை வைத்திருந்த மான்செஸ்டர்க்காரனுக்கு இந்தக் கைப்பக்குவம் தேவைப்படவில்லை. உருளையில் ஆயிரக்கணக்கான கெஜம் துணி அச்சடிப்பவனுக்கு முதல் கெஜமும் கடைசிக் கெஜமும் ஒரே சிவப்பாக இருக்கவேண்டும். வேரோ மண்ணுக்கு மண், வயதுக்கு வயது மாறும். 1868இல் கிரேபே, லீபர்மான் என்ற இரண்டு ஜெர்மானிய வேதியியலாளர்கள் வேரில் உள்ள அதே அலிசாரின் என்ற சிவப்புச் சாயப்பொருளை நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த அந்திரசீனைக்கொண்டு செய்துகாட்டினார்கள். காஸ் விளக்குக்கு நிலக்கரியைச் சுட்டபின் மிஞ்சிய கழிவு அந்தத் தார்! அடுத்த வருடமே காப்புரிமை. சில வருடங்களில் பிரான்சில் சிவப்புச் சாயத்துக்குப் பயிரிட்ட மஞ்சிட்டி வயல்களும் படுத்துவிட்டன.

மூலப்பொருளுக்காகத்தான் ஏகாதிபத்தியம் வந்தது என்று பாடப்புத்தகம் சொல்வது சரிதான். எந்தப் பொருள் மூலப்பொருள் என்பதைத் தீர்மானித்தது மட்டும் இங்கிலாந்தில் இருந்த ஆலை. சாயவேரை வேண்டாமென்ற அதே நாட்டின் ஆலைகளுக்குச் சவர்க்காரத்துக்கும் மெழுகுதிரிக்கும் தேங்காய் எண்ணெய் வேண்டியிருந்தது. இலங்கையில் ஆங்கிலேயர் கொண்டுவந்த 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரித்தைக் காட்டமுடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரிய காணியாக்கியது. அந்தப் பத்தாண்டில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் பளைப் பக்கம் ஐரோப்பியரின் தென்னந்தோட்டங்கள் எழுந்தன. நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு வருடம் எடுக்கும். அதுவரை கூலி கொடுத்து, தண்ணீர் ஊற்றி, வண்டுக்கும் மாட்டுக்கும் காவல் காக்கவேண்டும். முதல் உள்ளவனால் காத்திருக்க முடிந்தது. வேர் கிண்டியவன் அந்தத் தோட்டத்துக்குக் கூலியாகத்தான் போகலாம்.