கண்ணில் பட்ட கடவுச்சொல்

"சித்தப்பா, இது நான் போட்ட கடவுச்சொல்தானே?"

திரையில் வயர்ஷார்க், நெட்வொர்க்கில் போய்வரும் தரவைப் பிடித்துக் காட்டும் மென்பொருள். அண்ணன் மகள் தன் கணினியிலேயே அமைத்திருந்த பயிற்சித் தளம், தரவை மறைக்காமல் அப்படியே அனுப்பும் வெறும் எச்டிடிபி. வரிசையாக ஓடிய பாக்கெட்டுகளில், அதாவது தரவுத் துண்டுகளில், ஒன்றைத் திறந்தால், பயனர் பெயருக்குப் பக்கத்திலேயே கடவுச்சொல். ஓர் எழுத்துகூட மறையவில்லை.

போய்வரும் தரவை மறையாக்கும் டிஎல்எஸ் போட்டுவிட்டு மீண்டும் உள்நுழைந்தாள். இப்போது அங்கே ஒன்றும் விளங்காத பைட்டுக் குப்பை.

சைபர் பாதுகாப்புக்கு எந்தச் சான்றிதழ் வாங்கலாம் என்றுதான் அதுவரை கேட்டுக்கொண்டிருந்தாள். சான்றிதழ் இருக்கட்டும், முதலில் நெட்வொர்க், லினக்ஸ், கொஞ்சம் சி மொழி படி என்றேன். 2014இல் இணையத்தை உலுக்கிய ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புக் குறை எதனால் வந்தது? பல தளங்கள் டிஎல்எஸ்ஸுக்குப் பயன்படுத்தும் ஓபன்எஸ்எஸ்எல் நிரலில், வரும் தரவின் நீளத்தைச் சரிபார்க்காமல் விட்டதால். சர்வரின் நினைவகத்தில் இருந்தவை துண்டு துண்டாகக் கசியக்கூடிய நிலை. நினைவகம் எப்படி இயங்குகிறது என்று தெரியாதவருக்கு அந்தக் கதை வெறும் செய்திதான்.

சோதனையெல்லாம் உன் கணினியில், அல்லது ஊடுருவிப் பழகவென்றே நடத்தப்படும் சிடிஎஃப் போட்டியில் என்றேன். அடுத்தவர் தளத்தில் அனுமதியின்றிக் கை வைத்தால் அது குற்றம்.

"எங்கள் பள்ளித் தளம்?"

"அதுவும் அடுத்தவருடையதுதான்."

முகம் சுண்டிவிட்டது.