நோபிள் ஜான்சனின் காது: 1932 வரிசை முடிந்தது

ஒருவழியாக 1932–33 வரிசையை முடித்துவிட்டேன். மர்டர்ஸ் இன் த ரூ மார்க், த மோஸ்ட் டேஞ்சரஸ் கேம், த மம்மி, கிங் காங் என நான்கு படங்களிலிருந்தும் பழைய ஹாலிவுட்டின் கறுப்பின நடிகர் நோபிள் ஜான்சனின் முகத்தை வெட்டியெடுத்து ஒரே பக்கத்தில் அடுக்கியாயிற்று. முறையே பேலா லுகோசி நடித்த பாத்திரத்தின் வேலையாள் யானோஸ், ரஷ்யக் கோசாக் இவான், நூபியன், தீவின் தலைவன். சுமார் ஒரு வருஷத்துக்குள் வெளியான படங்கள். வீட்டில் காட்டினேன், நான்கும் ஒரே ஆள் என்று ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு வேண்டாம்.

இதில் உயிரை வாங்கியது காது. தாடி ஒட்டலாம், புருவத்தை மாற்றலாம், தோலுக்குச் சாயம் பூசலாம். அந்தக் கால ஒப்பனைக்காரர்கள் காதை மட்டும் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவார்கள். ஆகவே மடலின் விளிம்பையும் சோணை கன்னத்தோடு சேரும் இடத்தையும் வைத்துத்தான் நான் ஆளை ஒப்பிடுகிறேன். தோல் நிறத்தைச் சாட்சிக்குக் கூப்பிடவே கூடாது. 1920-களின் நடுப்பகுதிவரை பரவலாக ஓடிய ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது, செம்மை கலந்த தோல் எல்லாம் கறுத்துப்போகும். எல்லா நிறமும் தெரியும் பான்குரோமாட்டிக் வந்தபிறகு அந்தத் தொல்லை குறைந்தது. ஆனால் இவானாக வரும்போது ஜான்சனுக்கு வெள்ளை ஒப்பனை, அதனால் மறுபடியும் அதே கதைதான். குரலை வைத்தாவது பிடிக்கலாம் என்றால், கதைப்படி இவான் வாய் பேச முடியாதவன்!

சரி, காதைப் பார்க்கச் சுத்தமான ஃபிரேம் வேண்டுமே. விஎல்சி வீடியோ பிளேயரில் ‘ஈ’ (E) விசையை அழுத்தி ஒவ்வொன்றாக நகர்த்தினால், அமெரிக்க டிவிடிகளில் ஐந்து ஃபிரேமுக்கு இரண்டில் பக்கத்து ஃபிரேமின் கோடுகள் பின்னிச் சீப்புப் பல்லாக வரும். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தை 30 ஆக்கியதன் விளைவு அது. அந்தப் பல்லைப் போக்கும் டீஇன்டர்லேஸ் வசதியில், ஃபிரேம்களைக் கலக்கும் ‘பிளெண்ட்’ போடச் சொல்பவர்களை நம்பாதீர்கள், ஒரு காதுக்கு இரண்டு விளிம்பு கிடைக்கும். எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளில் முதலில் பிரிந்த கோடுகளைச் சேர்க்கும் ஃபீல்ட்மேட்ச், அப்புறம் உபரி ஃபிரேமை நீக்கும் டெசிமேட், அந்த வரிசையில் ஓட்டினால் பழைய 24 ஃபிரேமும் திரும்பி வந்துவிடும். இவானின் வலது காது அப்படித்தான் முழுசாகக் கிடைத்தது. ஊமைப்படங்களில் இந்த வைத்தியம் எடுபடாது. 18, 20 என்று தோன்றிய வேகத்தில் ஓட்டிப் பிரதி எடுக்கும்போதே இரண்டு ஃபிரேமைக் கலந்துவிட்டிருந்தால் பிரிக்க வழியே இல்லை. வேறு பிரதி தேடுவதுதான் மிச்சம்.

டேஞ்சரஸ் கேமுக்கு அமெரிக்காவில் காப்புரிமை இல்லை என்பதால் குப்பைப் பிரதிகள் கொட்டிக் கிடக்கின்றன. ‘புதுப்பித்த பதிப்பு’ என்று ஒரு வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கிய டிஸ்க்கில் முகமெல்லாம் மெழுகாக வழித்திருந்தார்கள், காது மடலே காணோம். இரைச்சல் நீக்கம் என்ற பெயரில் நடக்கும் அக்கிரமம் இது. புள்ளி புள்ளியாகத் தெரியும் பழைய பிரதியே எவ்வளவோ மேல்.

இந்தப் படத்தையும் கிங் காங்கையும் அடுத்தடுத்து பாருங்கள். இரண்டிலும் அதே காட்டு செட், அதே ஃபே ரே, அதே ராபர்ட் ஆம்ஸ்ட்ராங். ஆம்ஸ்ட்ராங் இரண்டிலும் ஆம்ஸ்ட்ராங்காகவே இருக்கிறார். ஜான்சன் மட்டும் ஒன்றில் கோசாக், இன்னொன்றில் தீவுத் தலைவன்.

முகம் மாற்றுவது என்றால் உடனே ஊமைப்பட நடிகர் லோன் சேனியைச் சொல்வார்கள். அவரும் ஜான்சனும் கொலராடோ ஸ்பிரிங்ஸில் வளர்ந்தவர்கள், பள்ளிக்காலச் சிநேகிதர்கள். சேனிக்கு ‘ஆயிரம் முகம்’ என்ற பட்டம் கிடைத்தது. ஜான்சனுக்குக் கிடைத்ததோ பட்டியலின் கடைசி வரி, பல படங்களில் அதுவும் கிடையாது. இத்தனைக்கும் கதாநாயகனாக நடித்தவர் அவர். 1916-ல் தொடங்கிய லிங்கன் மோஷன் பிக்சர் கம்பெனியின் தலைவரே அவர்தான். அதன் முதல் படத்தில் கறுப்பர்களுக்கான டஸ்கெகீ கல்விநிலையத்தில் படித்து எண்ணெய் வயல் தேடிப் போகும் கறுப்பின எஞ்சினியர். அடுத்ததில் மெக்சிகோவின் கரிசால் சண்டையில் நிற்கும் அமெரிக்கப் பத்தாவது குதிரைப்படை வீரர். தம்பி ஜார்ஜ் ஒமாஹாவில் தபால் வேலை பார்த்துக்கொண்டே படங்களை ஊர் ஊராக அனுப்பினார். கறுப்பர்களின் தியேட்டரில் தங்கள் படங்களுக்கு லிங்கன் கம்பெனி போட்டியாகிறது என்று, ஜான்சன் நடித்துவந்த யுனிவர்சல் ஸ்டுடியோ நெருக்கியதால்தான் 1918-ல் ஜான்சன் விலகினார் என்பார்கள். அவர் நாயகனாக நின்ற அந்தப் படங்கள் இன்று கிடைப்பதில்லை. அந்தக் கம்பெனியின் படத்தில் மிஞ்சியிருப்பது 1921-ல் வந்த பை ரைட் ஆஃப் பர்த்தின் சில நிமிடத் துண்டு. அதிலோ அவர் இல்லை. என் அட்டவணையில் ‘நாயகன்’ பத்தியை வெறுமையாகவே விட்டிருக்கிறேன், அழிக்க மனசில்லை.

யானோஸின் இடது காது இன்னும் பாக்கி. அதை முடிக்காமலே 1924-க்குள் கால் வைத்துவிட்டேன். த நேவிகேட்டரில் பஸ்டர் கீட்டனைத் துரத்தும் கூட்டத்தின் தலைவன் சுலபம். த தீஃப் ஆஃப் பாக்தாத்தில்தான் சிக்கல். அங்கே அவர் இந்திய இளவரசர். (கூட வரும் பாரசீக இளவரசராக நடித்தது மத்தில்த் கோமோன் என்ற பெண்மணி, அது தனிப் பதிவுக்கான விஷயம்.) இந்திய இளவரசர் என்றால் தலைப்பாகை இல்லாமலா? காதுக்கு எங்கே போவது? இப்போதைக்குத் தாடையையும் தோள் அகலத்தையும் அளந்து பார்க்கிறேன். கலப்பில்லாத ஃபிரேமோடு இந்தப் படம் யாரிடமாவது இருந்தால் எந்தப் பதிப்பு என்று மட்டும் சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.