பச்சைக் கையுறையோடு வந்தவர்

அவர் எங்கள் ஐஸ் ஹொக்கி அணிக்காக இறங்கிய முதல் நாள், ஜேர்சி நீலம், கையுறை பச்சை. முந்தின நாள் மத்தியானம் வரை வேறோர் அணியில் இருந்தவர். டிரேட் ஆன, அதாவது எங்கள் அணிக்கு மாற்றப்பட்ட, செய்தி வந்ததும் இரவு விமானம் ஏறி, காலைப் பயிற்சிக்கு நேரே வந்து நின்றார். காற்சட்டைக்கு மேல் உறை மாட்டிப் பழைய நிறத்தை மறைத்துவிட்டோம். கையுறைக்கு அப்படிச் செய்ய வழியில்லை. அவர் கைக்குப் பழகிய வகை எங்கள் நிறத்தில் வந்து சேரும் வரை, முதல் மூன்று ஆட்டமும் பச்சையோடுதான் ஆடினார்.

ஒண்டாரியோவில் ஓர் ஏ.எச்.எல் அணியின் உடைமாற்றும் அறையில் எட்டு வருடம் வேலை செய்தேன். ஸ்கேட் சாணை பிடிப்பது, நனைந்த உடுப்புகளைக் காய வைப்பது, ஜேர்சியில் பெயர் தைப்பது எல்லாம் என் பொறுப்பு. ஐஸ் ஹொக்கி என்றால் பலருக்கு வட அமெரிக்காவின் உச்ச லீக்கான என்.எச்.எல் மட்டும்தான் தெரியும். அங்கே 32 அணிகள். அவற்றுக்குக் கீழே ஏ.எச்.எல், அதற்கும் கீழே ஈ.சி.எச்.எல். இந்த மூன்று படிகளில் ஏறி இறங்கியே தாடி நரைத்தவர்களை நான் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். இப்படி அணி அணியாக மாறி ஆடுகிறவரை ஜேர்னிமன் என்று சொல்வார்கள்.

அவர்களில் பலருக்கு ஒரே ஒப்பந்தத்தில் இரண்டு சம்பளம் எழுதியிருக்கும். மேலே இருக்கும் நாளுக்கு ஒன்று, கீழே இருக்கும் நாளுக்கு ஒன்று. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அனுபவம் உள்ளவரைக் கீழே அனுப்புவதென்றால் முதலில் வேவர்ஸ் என்ற பட்டியலில் போட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் வேறு எந்த அணியும் அவரை எடுத்துக்கொள்ளலாம். அந்த ஒரு நாள் முழுக்க, நாளைக்கு எந்த ஊரில் விடியும் என்று தெரியாமல் இருக்க வேண்டும். ஈ.சி.எச்.எல்லில் இருந்து எங்களிடம் வருகிறவர்கள் பாடு இன்னும் கஷ்டம். 25 ஆட்டத்துக்குச் சோதனை ஒப்பந்தம் போடுவார்கள். அது முடிந்தால் மறுபடி கையெழுத்து, இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

பச்சைக் கையுறைக்காரர் வந்ததும் கோச்சைத் தேடிப் போகவில்லை. முதலில் என்னிடம் வந்து, "அரை அங்குலம்" என்றார். ஸ்கேட்டின் இரும்புப் பட்டை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் தடிப்பு. அதன் அடிப்பக்கம் தட்டையாக இராது, நடுவில் நீளவாக்கில் ஒரு குழிவு ஓடும். அரை அங்குலம் என்பது அந்தக் குழிவுடைய வளைவின் ஆரம். எண் சிறிதானால் குழிவு ஆழம், பனியைப் பிடித்துத் திரும்பலாம், ஆனால் கால் சீக்கிரம் களைக்கும். பெரிதானால் வழுக்கிக்கொண்டு ஓடலாம், பிடிமானம் குறையும். ஆள் சின்ன உடம்பு, ஆழம் கேட்டது சரிதான். சாணைக்கல்லின் முகத்தை வைர முனையால் அந்த அளவுக்குத் திருத்தி, மெல்ல ஓட்டினேன். பொறி ஒரே சீராகப் பறந்தது. அப்புறம் விளிம்பில் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன். நகத்தைச் சீவியது. அவரும் வாங்கி, தன் நகத்தில் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அது அவருக்கு ஏழாவது அணி.

இப்படிப் பலர் வந்து போகும் அறையில் மைக் சிலிஞ்சர் பேச்சு அடிக்கடி வரும். கனடாவின் ரெஜைனாவில் பிறந்தவர். 1989இல், என்.எச்.எல் அணிகள் இளம் வீரர்களை வரிசையாக எடுக்கும் டிராஃப்டில், டெட்ரோயிட் அணி 11ஆவதாகத் தேர்ந்தெடுத்தது. அதற்குப் பிறகு 9 தடவை டிரேட் ஆகி, என்.எச்.எல்லில் 12 அணிகளுக்கு ஆடினார். 1,049 ஆட்டம், 240 கோல். ஒரே பருவத்தில் 32 கோல் அடித்தது 2005-06இல், 34 வயதில், அதுவும் பருவத்தின் நடுவே சென்ற் லூயிஸில் இருந்து நாஷ்வில்லுக்கு மாற்றப்பட்ட வருடத்தில். கொலம்பஸில் அவர் ஆடிக்கொண்டிருந்தபோது, 2003இல் அங்கே பிறந்த மகன் கோல் சிலிஞ்சரை, 2021 டிராஃப்டில் அதே கொலம்பஸ் அணி முதல் சுற்றில் எடுத்தது. இதைக் கேட்கும்போது எனக்குத் தோன்றுவது கோல் கணக்கு இல்லை. அந்த வீட்டில் எத்தனை தடவை சாமான் கட்டியிருப்பார்கள் என்பதுதான்.

எங்கள் ஆளின் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் பழைய ஊரிலேயே இருந்தார்கள். பள்ளிக்கூடம் ஜூன் வரை, வீட்டு வாடகை ஒப்பந்தமும் அப்படித்தான். சாயந்தரத்தில் ஸ்கேட் காய வைக்கும் அறைக்குள் போய்ப் பிள்ளைகளோடு வீடியோவில் பேசுவார். அங்கே நாற்றம் தாங்காது, ஆனால் வேறு யாரும் வர மாட்டார்கள். சின்னவனின் வாசிப்பு வீட்டுப்பாடம் முழுவதையும் ஈரச் சப்பாத்துகளுக்கு நடுவில் இருந்து கேட்டு முடித்ததை நான் பார்த்தேன்.

பயிற்சி முடிந்ததும் 20 வயதுப் பையன் ஒருவனை நிறுத்தி, நடுவர் பக் என்ற ரப்பர் வட்டைப் போடும் நொடியில் அதை எப்படித் தன் பக்கம் இழுப்பது என்று சொல்லிக் கொடுப்பார். மட்டையைப் பிடிக்கும் கீழ்க்கையை இன்னும் இறக்கு, நடுவரின் கையைப் பார், எதிராளியைப் பார்க்காதே. தினமும் கால் மணி நேரம். மேலே ஓர் இடம் காலியானால் அந்தப் பையனைத்தான் கூப்பிடுவார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். மார்ச்சில் பையனைத்தான் கூப்பிட்டார்கள். அவனுடைய பையைக் காருக்குத் தூக்கிக்கொண்டு போய் வைத்தவரும் இவர்தான். இப்படிப்பட்டவர்களைப் பெரிய இடத்துக்கு வர முடியாமல் போனவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

அடுத்த பருவத்தில் அவர் வேறு அணியில் கையெழுத்துப் போட்டார். அவர் இருக்கைக்கு மேலிருந்த பெயர்ப் பலகையைக் கழற்றினேன். செப்ரெம்பரில் அந்த அணியில் என் வேலை பார்க்கிறவர் தொலைபேசியில் அழைத்து, ஆள் நாளைக்கு வருகிறார், ஸ்கேட்டுக்கு என்ன அளவு என்று கேட்டார்.

"அரை அங்குலம்" என்றேன். "இடது காலை முதலில் கொடுங்கள், அதைத்தான் முதலில் போடுவார். பிறகு, அந்த ஸ்கேட் காய வைக்கும் அறை இருக்கிறதே, சாயந்தரத்தில் அதைப் பூட்டிவிடாதீர்கள்."