பட்டாபி ஜோயிஸ் படத்தைக் கழற்றிய கதை

மைசூரு யோக ஆசிரியர் பட்டாபி ஜோயிஸ் 2009-லேயே காலமாகிவிட்டார், அதனால் அவரை நிற்கவைத்துக் கேட்க வழியில்லை. ஆசனத்தைத் திருத்துகிறேன் என்று தொடக்கூடாத இடங்களில் தொட்டார் என அவருடைய பழைய மாணவிகள் பலர் 2017, 2018-இல் வெளிப்படையாகச் சொன்னார்கள். 2019-இல் பேரன் சரத் ஜோயிஸே, முறையற்ற சில திருத்தங்களைத் தானும் பார்த்ததாக எழுதி வருத்தம் தெரிவித்தார். பேரனே சொன்ன பிறகு வேறென்ன சாட்சி வேண்டும்?

நான் தினமும் செய்வது அவர் பரப்பிய அஷ்டாங்க யோகம்தான். என் முதுகுவலி போனது அதனால்தான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் "பெரியவர், அப்பா மாதிரி தொட்டிருப்பார்" என்று கூடப் பயில்பவர்கள் யாராவது ஆரம்பித்தால் பற்றிக்கொண்டு வருகிறது. பட்டது அந்தப் பெண்கள், விளக்கம் சொல்ல நாம் யார்?

படத்தைக் கழற்றிப் பரணில் போட்டாயிற்று. சூரிய நமஸ்காரத்தில் மாற்றமில்லை. தொடக்கத்தில் சொல்லும் 'வந்தே குரூணாம் சரணாரவிந்தே' (குருமார்களின் பாதங்களை வணங்குகிறேன்) என்ற வரிதான் தொண்டையில் சிக்குகிறது, அதனால் இப்போதைக்கு அதை விட்டுவிட்டுப் பதஞ்சலி வணக்கத்தை மட்டும் சொல்கிறேன். அப்புறம், கேட்காமல் மேலே கை வைக்கும் ஆசிரியர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி, அந்த வகுப்புக்குப் போவதில்லை.