மணற்காட்டுக்கு ஒரு சீடி 200

பழைய ஹொண்டா சீடி 200 மோட்டார் சைக்கிள் ஒன்றை, வடமராட்சிக் கரையில் உள்ள மணற்காட்டு மணல் பாதைக்கு ஏற்ற மாதிரி மாற்றவேண்டும் என்று சொன்னபோது, கராஜ் அண்ணை கையிலிருந்த சாவியைக் கீழே வைக்காமலே கேட்டார்: "அதில என்னத்தைத் தம்பி மாத்தப் போறீர்? தொண்ணூறுகளில உதில மூண்டு பேர் ஏறி, பின்னால அரிசி மூட்டையும் கட்டிக்கொண்டெல்லோ குண்டும் குழியுமான றோட்டால திரிஞ்சனாங்கள்."

நியாயமான கேள்விதான். யாழ்ப்பாணத்தில் அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள்கள் எல்லாமே ஒரு கட்டத்தில் காட்டு வண்டிகளாகத்தான் ஓடின. போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் பெற்றோலுக்கு வழியில்லை. கொஞ்சப் பெற்றோலைக் காட்டி எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். குளிர்ந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்பதால்தான் இந்தச் சுற்று. அதைச் செய்து பழகிய மெக்கானிக்குகளுக்குக் காபரேற்றர் என்பது கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டும் சாமான்.

சீடி 200 பார்வைக்குச் சாதுவான வண்டி. 194 சிசி, இரட்டைச் சிலிண்டர், அதற்கு ஒரே ஒரு காபரேற்றர், நாலு கியர், முன்னும் பின்னும் ட்றம் பிறேக். வேகத்துக்கு ஆசைப்பட்டு இதை எவரும் வாங்கியதில்லை. ஆனால் குறைந்த சுற்றிலேயே திணறாமல் இழுக்கும். மணலில் தேவைப்படுவது அதுதான். பலம் கூடிய வண்டி சில்லைச் சுழற்றித் தனக்குத்தானே குழி தோண்டிக்கொள்ளும்.

பழைய வண்டியை மாற்ற வெளிக்கிடும் பெடியள் முதலில் கழற்றி எறிவது செயினை முழுதாக மூடியிருக்கும் தகரப் பெட்டியை. பார்க்க வடிவில்லையாம். எனக்கென்றால் இந்த வண்டியில் உள்ள ஆகப் பெறுமதியான தகரமே அதுதான். எண்ணெய் பூசிய செயினில் மணல் ஒட்டினால் அது அரம் மாதிரி வேலை செய்யும், பல்லுச்சில்லும் சேர்ந்து தேயும். பெட்டியை வைத்திருப்பதில் ஒரு சிக்கல்தான்: பின்னுக்குப் பெரிய பல்லுச்சில்லு போட உள்ளே இடம் வராது. அதனால் முன் பக்கத்தில் ஒரு பல்லுக் குறைந்ததைப் போட்டோம். முன்னால் ஒரு பல்லைக் குறைப்பது பின்னால் இரண்டு மூன்று பல்லைக் கூட்டுவதற்குச் சமம். கண்டி றோட்டில் இனி எல்லோரும் என்னை முந்துவார்கள். முந்தட்டும்.

ரயர் விடயத்தில் அண்ணையோடு கொஞ்சம் இழுபறி. எனக்கு அகலமானது வேண்டும். அவர் சில்லுக்கும் செயின் பெட்டிக்கும் நடுவில் விரலை விட்டுக் காட்டினார், என் கதை அத்தோடு முடிந்தது. அதே அளவில், பூ மட்டும் கட்டை கட்டையாக உள்ள ரயர் போட்டோம். மணலில் இறங்கமுன் காற்றைக் குறைக்கவேண்டும், ரயர் சப்பையாகி மணலில் பரவி நிற்கும். றோட்டில் 28 பி.எஸ்.ஐ. என்றால் மணலில் 16, 18 போதும். அதற்கும் கீழே போனால் ரயர் றிம்மில் வழுக்கி, உள்ளே ரியூப்பையும் இழுத்துக்கொண்டு திரும்பி, வால்வைப் பிடுங்கிவிடும்.

மற்றவை சின்ன வேலைகள். கொஞ்சம் அகலமான ஹான்டில். காற்று வடிக்கு எண்ணெய் ஊறவைத்த ஸ்பொஞ். எஞ்சினுக்கு அடியில், தார் பீப்பாத் தகட்டில் வெட்டிய காப்பு, ஒயில் கழற்றும் ஆணிக்கு நேரே துளையோடு. மணலுக்கு அது தேவையில்லை, வலிகாமத்துச் சுண்ணாம்புக் கல்லுக்குத் தேவை. சைலன்சர் இரண்டையும் மேலே தூக்கலாமா என்று கேட்டேன். "பின்னால ஏறுறவையின்ர கால் வெந்துபோம், விடும்" என்றார். சட்டத்தை வெட்டவோ ஒட்டவோ இல்லை. செசி நம்பர் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறபடி வண்டியிலும் இருக்கவேண்டும்.

விடியப்புறம் வெளிக்கிட்டேன். கோப்பாய், நீர்வேலி, அவரங்கால் தாண்டும் வரை கட்டை ரயர் காப்பெற் றோட்டில் ஊளையிட்டுக்கொண்டே வந்தது. வல்லைவெளியில் சோளகக் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. அகல ஹான்டிலுக்கு அங்கேயே நன்றி சொன்னேன். வல்லிபுர ஆழ்வாருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில்தான் சனம் அலைமோதும். நான் போனது வேறு நாள் என்பதால் கோயிலைச் சுற்றி மணலும் நானும்தான். 1936 இல் அநுராதபுரத்து வசப மன்னன் காலத்துப் பொன்னேடு கண்டெடுக்கப்பட்ட ஊர் இது. இந்த மணலுக்குள் இன்னும் என்ன கிடக்கிறதோ.

குடத்தனையில் திரும்பி மணற்காட்டுக்கு இறங்கும் இடத்தில் காற்றைத் திறந்துவிட்டேன். இரவுப் பனியில் மணல் கொஞ்சம் இறுகியிருந்தது. இரண்டாம் கியர், புட்றெஸ்ற்றில் எழும்பி நின்று, உடம்பைப் பின்னுக்கு வைத்து, முன் பிறேக்கைத் தொடாமல் போகவேண்டும். முன் சில்லு அங்குமிங்கும் தேடும். தேட விடவேண்டும், ஹான்டிலை இறுக்கினால் விழுத்திவிடும். சவுக்கந்தோப்பைத் தாண்டினால் மணல் மேடுகள், அவற்றுக்கு நடுவே பாதி புதைந்த பழைய அந்தோனியார் கோயில் சுவர்கள். 2004 சுனாமி இந்தக் கரையையும் விட்டுவைக்கவில்லை.

மேட்டில் ஏறி விளையாடுகிற ஆசை எவருக்கும் வரும். ஏறவேண்டாம். கடற்கரை மணலைப் பிடித்து வைத்திருப்பது அடம்பன் கொடிதான். திரண்டால் மிடுக்கு என்று பழமொழி சொன்னாலும் ரயருக்கு அது ஈடுகொடுக்காது. மீன் ஏற்றுகிற இரண்டு சில்லு லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரங்கள் போட்ட தடம் இருக்கிறது, அதுவே ஓடுவதற்குக் காணும்.

அம்பன் தாண்டி நாகர்கோவில். 1995 செப்ரெம்பர் 22 அன்று விமானக் குண்டுவீச்சில் பிள்ளைகள் கொல்லப்பட்ட பாடசாலை இங்கேதான். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். கிளாலி, முகமாலை, நாகர்கோவில் என்று 2009 தொடக்கம் வரை போர் முன்னரங்கு ஓடிய பக்கம் இது. வேறு நாடுகளில் பாதையை விட்டு இறங்கி ஓடுவதைப் பெருமையாகச் சொல்வார்கள். எங்களுக்கு அது சரிவராது. கண்ணிவெடிக்கு எச்சரிக்கும் மண்டையோட்டுப் பலகை நட்ட இடம் மட்டுமல்ல, பலகை இல்லாத பற்றைக்குள்ளும் சனம் நடக்காவிட்டால் நானும் போகமாட்டேன். ஒன்றுக்கு இருக்கக்கூட றோட்டுக் கரைதான்.

மருதங்கேணி வரை போய்த் திரும்பிவிட்டேன். சுண்டிக்குளம் 2015 இலிருந்து தேசியப் பூங்கா. கொக்குகளுக்கு நடுவில் இரட்டைச் சைலன்சரோடு எனக்கு என்ன வேலை?

பருத்தித்துறையில் காற்றை நிரப்பி, தட்டை வடை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை கிணற்றுத் தண்ணீரில் வண்டியைக் கழுவுவது. மணலை விட உப்புக் காற்றுக்குத்தான் பயப்படவேண்டும், சில்லுக் கம்பிகளை அது சத்தமில்லாமல் தின்றுவிடும். கழுவிக் காய்ந்த பிறகு, பழைய எஞ்சின் ஒயிலில் நனைத்த துணியால் கம்பி கம்பியாகத் துடைத்துவிடுங்கள். பிறேக் ட்றம் பக்கம் அந்தத் துணி போகவே கூடாது.